வந்த பணமும் போன அணியும்

2019 மார்ச் 9 மாலை கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி எஃப்சி ஜெயித்தே ஆக வேண்டும் என்ற நிலை. ஒரு புள்ளி பின்னால் துரத்திக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு மோதிக்கொண்டிருந்தது. இங்கே மினர்வா பஞ்சாப் முதல் கோலைப் போட்டுவிட்டது. இடைவேளைக்குப் பிறகு பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அடுத்து டிஃபெண்டர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். கணக்கு 3–1. அங்கே ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது, ஆனால் புள்ளிப் பட்டியலில் 43-க்கு 42. ஐ-லீக் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது.

அந்தப் பருவத்தின் நடுவில்தான், 2019 தொடக்கத்தில், சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் இந்தக் கிளப்பில் 26 சதவீதப் பங்கை வாங்கியிருந்தது. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் பெரிய பெரிய அணிகளைத் திணறடித்த கிளப், நம் பக்கத்து ஊர் அணியில் பங்குதாரர். இரண்டரை ஆண்டு கழித்து, 2021-22 ஐ-லீக் அட்டவணை வெளிவந்தபோது அதில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை.

வெளிநாட்டுக்காரர் ஒரு கால்பந்துக் கிளப்பை வாங்கினால் ரசிகன் சந்தோஷப்பட வேண்டுமா, பயப்பட வேண்டுமா? இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும் இருபது வருடங்களாக அலசும் கேள்வி இது. திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. தேசிய அளவில் ஆடிய கிளப்புகளில் பஸ் ஏறிப் போய் பார்த்துவிட்டு ராத்திரியே வீடு திரும்பும் தூரத்தில் எங்களுக்கு இருந்த ஆண்கள் அணி அது ஒன்றுதான். பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று நாலு மணி நேரப் பயணம். சென்னையில் ஆடும் இன்னொரு அணியான சென்னையின் எஃப்சியைப் பார்க்க வேண்டுமென்றால் நானூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

திண்டுக்கல் கால்பந்து ஊர் என்பது வெளியில் அதிகம் தெரியாது. பூட்டு, பிரியாணி, சிறுமலை வாழைப்பழம் என்றுதான் பேர். ஆனால் புனித மரியன்னை பள்ளி மைதானத்துக்கும், மேட்டுப்பட்டி, மரியநாதபுரம், பேகம்பூர் பக்கத்துத் திடல்களுக்கும் சாயங்காலம் போய் நின்றால் தெரிந்துவிடும். கிரிக்கெட் மட்டைகளுக்கு நடுவில் ஓர் ஓரத்தை எப்படியாவது பிடித்து, செருப்பைக் கோல்போஸ்டாக வைத்து ஆடுகிற பையன்கள் போட்டிருக்கும் பனியன்களைக் கவனியுங்கள். ஒருவன் நெஞ்சில் எதிஹாத், இன்னொருவன் நெஞ்சில் எமிரேட்ஸ், மூன்றாமவன் நெஞ்சில் கத்தார் ஏர்வேஸ். எதுவும் கிளப்பின் பேர் இல்லை, எல்லாம் வளைகுடா நாட்டு விமான நிறுவனங்களின் பேர். உலகக் கால்பந்தின் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அந்தப் பனியன்களே சொல்லிவிடும். தமிழ்நாட்டுக் கிளப் ஒன்றின் பெயர் போட்ட பனியனை அந்தக் கூட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்தப் பையன்களுடைய அண்ணன்மார் பாதிப் பேர் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்கள். 2005-இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் அந்தக் கிளப்பை ஏறக்குறைய 79 கோடி பவுண்டுக்கு வாங்கியது. வாங்குவதற்குப் பட்ட கடனில் பெரும் பகுதியைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. கோபித்துக்கொண்டு வெளியேறிய உள்ளூர் ரசிகர்கள் எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தனியாக ஒரு கிளப்பையே ஆரம்பித்தார்கள். 2023-இல் கத்தார் ஷேக் ஒருவர் வாங்கப் போகிறார் என்று பேச்சு அடிபட்டபோது இங்கே டீக்கடையில்கூட இரண்டு கட்சி. "வரட்டும்ணே, மைதானத்தையாவது புதுசா கட்டுவாங்க" என்பது ஒன்று. "ஒரு ஓனர்கிட்ட பட்டது போதாதாப்பா?" என்பது மற்றொன்று. கடைசியில் ஷேக் வாங்கவில்லை. 2024-இல் இங்கிலாந்துக்காரரான ஜிம் ராட்கிளிஃப் கால்வாசிக்குச் சற்று மேல் பங்கை வாங்கினார்.

ஆனால் அந்த வாதத்தில் நமக்கு ஓட்டு கிடையாது. இங்கிலாந்தில் 2025-இல் வந்த கால்பந்து நிர்வாகச் சட்டம், கிளப்பின் சின்னத்தையோ ஜெர்சி நிறத்தையோ மாற்ற ரசிகர்களின் ஆதரவு வேண்டும் என்கிறது. அது எண்ணுவது அந்த நாட்டு ரசிகர்களைத்தான். அது சரியானதும்கூட. நம் ஓட்டு எங்கே செல்லும் என்றால், நம் ஊர் அணியில்தான். அதனால்தான் சென்னை சிட்டியின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கிளப்பின் வேர் 1946 வரைக்கும் போகிறது. சென்னையில் ஆடிக்கொண்டிருந்த அணிக்கு 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் நேரடி இடம் கிடைத்தது. அடுத்த பருவமே சொந்த மைதானத்தைக் கோயம்புத்தூருக்கு மாற்றிக்கொண்டது. பெயரில் சென்னை, ஆடுவது கோவையில். கொங்குப் பக்கத்து ரசிகர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண் முன்னால் நல்ல ஆட்டம் நடந்தது, அது போதுமாக இருந்தது. சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் கோச். மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்டோ எஸ்லாவா என்று ஸ்பானியப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மான்சி மட்டும் அந்தப் பருவத்தில் 21 கோல். கூடவே எட்வின் சிட்னி வன்ஸ்பால் போன்ற தமிழ்நாட்டுப் பையன்கள். பந்தைத் தரையிலேயே வைத்துச் சிறு சிறு பாஸ்களாக ஆடிய அணி. நீளப் பந்து அடித்து ஓடிய அணிகளுக்கு நடுவில் அது தனியாகத் தெரிந்தது.

26 சதவீதம் என்பது ஏதோ வந்த எண் இல்லை. இந்தியக் கம்பெனிச் சட்டத்தின்படி ஒரு நிறுவனத்தின் அடிப்படை விதிகளை மாற்றவோ அதுபோன்ற பெரிய முடிவுகளை எடுக்கவோ சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்கு விழுந்த வாக்குகளில் முக்கால் பங்கு ஆதரவு வேண்டும். 26 சதவீதம் கையில் வைத்திருப்பவர் கிளப்பை நடத்த முடியாது, ஆனால் தனக்குப் பிடிக்காத பெரிய முடிவைத் தடுக்க முடியும். உள்ளே வரும் முதலீட்டாளர் பலர் விரும்பும் எண் இது. தினசரிப் பொறுப்பு உள்ளூர்க்காரருக்கு, தடுக்கும் அதிகாரம் தனக்கு. ரசிகன் இதைக் கேட்கும்போது "பாசல் கிளப்பை வாங்கிடுச்சு" என்றுதான் காதில் விழுகிறது. உண்மையில் பாசல் உள்ளே வைத்தது ஒரு கால் மட்டும்தான். அதை எடுப்பதும் எளிது.

அப்போது எழுந்த எதிர்பார்ப்பு நியாயமானது. சுவிஸ் பயிற்சி முறை, இளையோர் அகாடமி, திறமையான பையனுக்கு ஐரோப்பாவுக்கு ஒரு வழி என்றெல்லாம் பேச்சு. பாசல் யாரோ ஒரு பணக்காரரின் விளையாட்டுப் பொம்மை இல்லை. 2010 முதல் 2017 வரை தொடர்ந்து எட்டு முறை சுவிஸ் பட்டம் வென்ற கிளப். முகமது சலாவையும் இவான் ராகிடிச்சையும் பெரிய மேடைக்கு அனுப்பிய இடம். ஆட்களை வளர்த்து விற்பதுதான் அவர்கள் தொழில். தமிழ்நாட்டில் வளர்க்க ஆள் இருக்கிறது, விற்கத்தான் வழியில்லை. இரண்டும் சேர்ந்தால் நல்லதுதானே என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். இன்றும் அந்த நினைப்பு தவறு என்று தோன்றவில்லை.

நடந்தது வேறு. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல் ரிஃபாவிடம் ஒரு கோலில் தோல்வி. அதே மாதத்தில் மான்சி ஜப்பானுக்குப் போனார். மார்ச்சில் ஏஎஃப்சி கோப்பையில் மாலத்தீவின் மாசியாவோடு 2–2. அது சென்னை சிட்டியின் ‘சொந்த மைதான’ ஆட்டம், நடந்ததோ அகமதாபாத்தில். சாம்பியன் ஆன கிளப்பின் முதல் ஏஎஃப்சி கோப்பை ஆட்டத்தைக் கோவை ரசிகன் டிவியில்தான் பார்க்க வேண்டியிருந்தது. அதோடு கொரோனா வந்துவிட்டது. 2020-21 ஐ-லீக் முழுக்க வங்காளத்தில், ஆளில்லா மைதானங்களில் நடந்தது. அதற்கப்புறம் அந்த அணியே இல்லை.

பாசல் வந்ததால்தான் கிளப் போனது என்று சொன்னால் அது அநியாயம். கிளப்பை நடத்தியது பாசல் இல்லை. கொரோனா காலத்தில் இந்தியாவில் பல கிளப்புகள் மூச்சுத் திணறின. ஐ-லீக்கில் பட்டம் வென்றாலும் அதற்கு மேலே இருந்த ஐஎஸ்எல்லுக்கு உயர வழி அப்போது திறக்கவில்லை. பட்டம் வென்ற கிளப்புக்கு அடுத்த படியே இல்லாத லீக்கில் யார் பணத்தைக் கொட்டுவார்கள்? ஆனால் இன்னொரு விஷயம் உண்டு. அதை இங்கே யாரும் கவனிக்கவில்லை, சுவிட்சர்லாந்தில் கவனித்தார்கள்.

பாசலின் ரசிகர்களே அப்போது தங்கள் கிளப்பை யார் கையில் விடுவது என்ற சண்டையில் இருந்தார்கள். 2017-இல் கிளப்பை வாங்கிய பெர்ன்ஹார்ட் புர்கெனர் காலத்தில் பட்டம் கைநழுவியது. சொந்த அணி சரிந்துகொண்டிருக்கும்போது இந்தியாவில் என்ன வேலை என்ற கேள்வி அங்கே பலமாக எழுந்தது. 2021 வசந்தத்தில் லண்டனின் சென்ட்ரிகஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குக் கிளப் போகப் போகிறது என்ற செய்தி வந்ததும் ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். கடைசியில் பாசலின் முன்னாள் வீரர் டேவிட் டேகன் கைக்குக் கிளப் வந்தது. புர்கெனர் போனார்.

அங்கே அவர்கள் அந்நியர் கைக்குப் போகவிருந்த தங்கள் கிளப்பை மீட்டதாகக் கொண்டாடினார்கள். அந்தக் கொண்டாட்டத்தில் அவர்களுக்குக் கோயம்புத்தூர் நினைவுக்கு வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. வெளிநாட்டு முதலீட்டின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. நம் கிளப்பின் தலையெழுத்து, நமக்கு முகம் தெரியாத ஓர் ஊரின் ரசிகர் கோபத்தோடும் பங்குச் சண்டையோடும் முடிச்சுப் போடப்பட்டுவிடுகிறது. அவர்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் நாம் அதில் ஒரு செலவுக் கணக்கு மட்டுமே.

இதையே தலைகீழாகப் பார்க்க வேண்டுமென்றால் வடக்கு இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கதையைப் பார்க்க வேண்டும். அங்கே அந்நியர் நாம்தான். 1995-இல் பிரீமியர் லீக் பட்டம் வென்ற கிளப் அது. அந்த ஊரிலேயே பிறந்து இரும்பு வியாபாரத்தில் சம்பாதித்த ஜாக் வாக்கர் தன் பணத்தைப் போட்டு வளர்த்தது. அவர் காலத்துக்குப் பின், 2010 நவம்பரில், புனேயைச் சேர்ந்த வெங்கீஸ் சுமார் 2.3 கோடி பவுண்டுக்கு அதை வாங்கியது. வேடசந்தூர், பழனிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு வெங்கீஸ் என்றால் யார் என்று சொல்லத் தேவையில்லை. குஞ்சு, தீவனம், தடுப்பூசி எல்லாவற்றிலும் அந்தப் பெயர் இருக்கும்.

அடுத்த மாதமே மேனேஜர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். வீரர்கள் டிரெஸ்ஸிங் ரூமில் கோழி சாப்பிடுவது போல விளம்பரம் எடுத்தார்கள். 2012 மே 7, விகனோடு நடந்த ஆட்டத்தில் ரசிகர் ஒருவர் கிளப் கொடியைப் போர்த்திய ஒரு கோழியை மைதானத்துக்குள் விட்டார். வீரர்கள் அதைத் துரத்திப் பிடிக்க வேண்டியதாயிற்று. அன்றுதான் கிளப் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. 2017-இல் மூன்றாம் நிலைக்கே போனது. பிரீமியர் லீக் பட்டம் வென்ற அணி ஒன்று அந்த அளவுக்குக் கீழே போனது அதுதான் முதல் முறை.

அந்தக் கோழியைப் பார்த்து இந்தியர்களைக் கேலி செய்கிறார்கள் என்று இங்கே சிலருக்குக் கோபம் வந்தது உண்டு. கொஞ்சம் நிறம் பார்த்த பேச்சும் அங்கே இருந்திருக்கும். ஆனாலும் அந்த ரசிகர்களின் அடிப்படைக் கேள்வி நியாயமானது. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் முதலாளி கிளப்புக்கு என்ன செய்ய நினைக்கிறார் என்று ஊர்க்காரனுக்குத் தெரிய வேண்டாமா? அதே சமயம் வெங்கீஸின் முதலாளிகளான ராவ் குடும்பம் ஓடிப் போகவில்லை. வருஷா வருஷம் நஷ்டத்தைத் தன் கையிலிருந்து நிரப்பி வந்திருக்கிறது. அந்தப் பணம் இல்லையென்றால் கிளப் என்றோ திவாலாகியிருக்கும். இதிலும் ஒரு முடிச்சு விழுந்தது. 2023 முதல், அமலாக்கத் துறை விசாரணை தொடர்பாக, அந்தப் பணத்தை இங்கிலாந்துக்கு அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதியும் வங்கி உத்தரவாதமும் தேவைப்பட்டன. லங்காஷயரில் ஒரு டிஃபெண்டரை வாங்கலாமா என்பது டெல்லியில் ஒரு வழக்கின் வாய்தாவைப் பொறுத்து என்றாகிவிட்டது. மனசு நல்லதாக இருந்தாலும் குழாய் வேறு நாட்டில் இருந்தால், வால்வும் அங்கேதான் இருக்கும்.

இன்டர் மிலானின் சீன முதலாளிக்கும் அதே கதிதான். கடனைக் கட்ட முடியாமல் 2024 மே மாதம் ஓக்ட்ரீ என்ற அமெரிக்க நிறுவனம் கிளப்பை எடுத்துக்கொண்டது. சிங்கப்பூரின் பீட்டர் லிம் 2014-இல் வாலென்சியாவை வாங்கியபோது அந்த ஊரே வரவேற்றது. சில வருடங்களில் அதே ஊர் அவரை வீட்டுக்குப் போகச் சொல்லி ஊர்வலம் போனது. மலேசியாவின் வின்சென்ட் டான் 2012-இல் கார்டிஃப் சிட்டியின் நீல ஜெர்சியைச் சிவப்பாக்கினார். சிவப்பு அதிர்ஷ்ட நிறம் என்பது காரணங்களில் ஒன்று. சிவப்பிலேயே பிரீமியர் லீக்குக்கும் ஏறினார்கள். ஆனாலும் ரசிகர்கள் விடவில்லை, 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது. வெற்றி கொடுத்தால் ரசிகன் எதையும் மறந்துவிடுவான் என்று நினைக்கும் முதலாளிகள் கார்டிஃபை ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும்.

இந்தியக் கால்பந்துக் கிளப்புகளில் வந்த மிகப் பெரிய வெளிநாட்டு முதலீடுகளில் ஒன்று மும்பை சிட்டியில். 2019 நவம்பரில், மான்செஸ்டர் சிட்டியை வைத்திருக்கும் அபுதாபியின் சிட்டி ஃபுட்பால் குரூப் 65 சதவீதம் வாங்கியது. இது பாசலின் 26 போல் ஒரு காலை மட்டும் வைப்பது இல்லை, முழு நடத்தும் உரிமை. அதன் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. 2020-21-இல் லீக் ஷீல்டும் கோப்பையும் இரண்டையும் வென்றார்கள். 2022-இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஈராக்கின் விமானப்படை அணியைத் தோற்கடித்து, அந்தப் போட்டியில் ஓர் ஆட்டம் ஜெயித்த முதல் இந்தியக் கிளப் ஆனார்கள். மும்பை ரசிகனைக் கேட்டால் அந்த ஆண்டுகளைக் குறை சொல்ல மாட்டான். சொல்லவும் கூடாது.

2025 வந்தது. இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் ஐஎஸ்எல்லை நடத்திய ரிலையன்ஸ் பக்கத்து எஃப்எஸ்டிஎல்லுக்கும் இடையில் 2010-இல் போட்ட பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருந்தது, அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. ஜூலையில் ஐஎஸ்எல் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. வணிக உரிமைக்கு ஏலம் விட்டபோது கேட்க ஆளில்லை. டிசம்பர் கடைசியில் சிட்டி குரூப் தன் பங்கை விட்டுவிட்டுக் கிளம்பியது. லீக்கின் எதிர்காலம் தெளிவாக இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆறு வருடம், நாலு கோப்பை, அப்புறம் ஓர் அறிக்கை. உலகம் பூராவும் கிளப் வைத்திருப்பவர்களுக்கு மும்பை ஒரு கிளை. கிளை நஷ்டத்தில் போனால் மூடுவது கம்பெனி வழக்கம். அந்தக் கிளையில்தான் தன் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் கழித்தவனுக்கு அது வழக்கமாகத் தெரியாது.

வெளிநாட்டுக்காரன்தான் இப்படி என்று நினைக்க நமக்கு வழியில்லை. மஹிந்திரா யுனைடெட் 2010-இல் மூடப்பட்டது. பஞ்சாபின் ஜேசிடி 2011-இல் மூடப்பட்டது. இரண்டும் நம் நாட்டு முதலாளிகள் நடத்தியவை. கொல்கத்தாவில் ஸ்ரீ சிமென்ட் கேட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்ற சண்டையில் 2021 ஜூலை 21 அன்று ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் கிளப் வாசலில் போலீஸ் தடியடி வாங்கினார்கள். அந்த முதலாளி கொல்கத்தாவிலேயே அலுவலகம் வைத்திருப்பவர்.

நம் பக்கம் வருவோம். தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் காரைக்குடி காளை என்று ஒரு அணி இருந்தது. அது இப்போது திருப்பூர் தமிழன்ஸ். தூத்துக்குடியின் டூட்டி பேட்ரியாட்ஸ் சேலம் ஸ்பார்டன்ஸ் ஆகிவிட்டது. ஒரு வெளிநாட்டுப் பைசாகூட இல்லாமல், எந்த ரசிகனையும் கேட்காமல், ஊர்ப் பெயரைக் கழற்றி வேறு ஊருக்கு மாட்டினார்கள். எங்கள் திண்டுக்கல் டிராகன்ஸ் 2024-இல் அஸ்வின் தலைமையில் கோப்பை வாங்கியபோது இங்கே பட்டாசு வெடித்தவர்கள் உண்டு. அந்தப் பெயர் திண்டுக்கல்லிலேயே இருக்கும் என்பதற்கு அவர்களிடம் எந்தச் சீட்டும் இல்லை.

ஆகவே ‘வெளிநாட்டுக்காரனா, உள்ளூர்க்காரனா’ என்ற கேள்வியில் ரசிகர்கள் வீணாகச் சக்தியைச் செலவழிக்கிறார்கள் என்பது என் கருத்து. வருகிற அன்று எல்லாரும் மாலை வாங்கிக்கொள்கிறார்கள். கேட்க வேண்டியது, போகிற அன்று எதை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதை.

இங்கே ஒரு ஒப்பீடு அவசியம். சென்னை சிட்டி ஐ-லீக் வென்ற அதே 2019-இல், மே மாதம், மதுரையின் சேது எஃப்சி லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3–1 என்று வென்று இந்திய மகளிர் லீக்கைக் கைப்பற்றியது. ஆண்கள், பெண்கள் இரண்டு பட்டமும் ஒரே ஆண்டில் தமிழ்நாட்டில். திண்டுக்கல்லிலிருந்து மதுரை ஒரு மணி நேரப் பயணம்தான். அந்தக் கிளப்பில் சுவிஸ் பணமும் இல்லை, அபுதாபிப் பணமும் இல்லை. ஒரு பொறியியல் கல்லூரியை நடத்துபவர்களின் ஆதரவில் வளர்ந்தது. கடலூர்ப் பக்கத்து இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் போன்றவர்கள் ஆடிய அணி. சென்னை சிட்டி மறைந்த பிறகும் அது மகளிர் லீக்கில் ஆடிக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணம் முதலாளி தமிழர் என்பது இல்லை. ஆடுபவர்கள் தங்க ஓர் இடம், பயிற்சிக்கு ஒரு புல்தரை, பக்கத்திலேயே ஒரு நிர்வாகம் என்று எல்லாம் மண்ணில் ஊன்றியிருக்கிறது. தூக்கிக்கொண்டு போக முடியாது.

கல்லூரி ஆதரவுக்கும் எல்லை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்தின் விருப்பத்தில் நடப்பது அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்கு விருப்பமில்லாவிட்டால் நிற்கும். எங்கள் ஊர் டோர்னமென்ட்களின் கதையே இதுதான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் கட்டும் ஃப்ளெக்ஸில் முதல் பரிசு வழங்குபவர், இரண்டாம் பரிசு வழங்குபவர், கோப்பை யார் நினைவாக, மதிய உணவு யார் உபயம் என்று வரிசையாகப் பெயரும் படமும் இருக்கும். எந்த அணிகள் ஆடுகின்றன என்பது கீழே சின்ன எழுத்தில் இருக்கும். நல்ல மனசுக்காரர்கள்தான், அவர்கள் இல்லாமல் ஓர் ஆட்டமும் நடந்திருக்காது. ஆனால் அடுத்த வருஷம் அந்தப் பெரியவர் இல்லையென்றால் டோர்னமென்டும் இல்லை.

பழைய ஏற்பாடு வேறாக இருந்தது. நன்றாக ஆடுகிற பையன் திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்குப் போவான். ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, கணக்காயர் அலுவலகம் என்று லீக்கில் ஆடும் அலுவலக அணிகள் வேலை கொடுத்து எடுத்துக்கொள்ளும். ஆட்டம் முப்பது வயதில் முடிந்தாலும் சம்பளம் அறுபது வயது வரை வரும். வீட்டில் அப்பா அம்மா பந்து ஆட விட்டதே அந்த நம்பிக்கையில்தான். விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகள் அருகிவிட்ட பிறகு அந்த ஏணி உடைந்தது. அதற்குப் பதிலாக வந்தது இரண்டு வருட ஒப்பந்தம். ஒப்பந்தம் போட்ட கிளப் மூடிவிட்டால் பையன் ஊருக்குத் திரும்பி டர்ஃப் மைதானத்தில் மணிக்கணக்குக்கு வாடகை வசூலிக்கும் வேலை பார்க்கிறான். வெளிநாட்டுக் கிளப் வருகிறது என்றதும் இவர்கள் முகத்தில் தெரியும் வெளிச்சத்தை வெறும் மோகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அது வேலை பற்றிய நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு என்ன பாதுகாப்பு கொடுக்கலாம்? ஜெர்மனியில் 50+1 என்ற விதி இருக்கிறது. எவ்வளவு பணம் போட்டாலும் வாக்குரிமையில் பெரும்பான்மை கிளப்பின் உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு, சண்டையும் உண்டு, ஆனால் அடிப்படை நிற்கிறது. ஆண்டுச் சந்தா கட்டும் உறுப்பினர் கூட்டம் லட்சக்கணக்கில் இருக்கும் நாட்டில் அது நடக்கும். திண்டுக்கல்லிலோ கோவையிலோ நாளைக்கே அதைக் கொண்டுவர முடியாது என்பது எனக்குத் தெரியும். இங்கிலாந்து வழி நமக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறது. முதலாளி யாராகவும் இருக்கட்டும், பெயர், நிறம், மைதானம் ஆகியவற்றில் கை வைக்க அவருக்குத் தனியாக அதிகாரம் இல்லை.

இன்னொரு உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2020-இல் மோகன் பகான் ஐஎஸ்எல் அணியான ஏடிகேயோடு சேர்ந்தபோது 1889-இல் பிறந்த கிளப்பின் பெயருக்கு முன்னால் ஏடிகே என்ற மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டது. ரசிகர்கள் மூன்று வருடம் ஓயவில்லை. பதாகை பிடித்தார்கள், டிக்கெட் வாங்காமல் இருந்தார்கள், பெயரை நீக்கு என்பதைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. 2023 மார்ச் 18 அன்று கோவாவில் ஐஎஸ்எல் கோப்பையை வென்ற இரவே உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா அந்த மூன்றெழுத்தை எடுப்பதாக அறிவித்தார். அவர்கள் முதலீட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நூற்றுமுப்பது வருடப் பழக்கம் அவர்களுக்குப் பின்னால் இருந்தது என்பது உண்மை. சென்னை சிட்டிக்குக் கோவையில் கிடைத்தது மூன்றே பருவங்கள். நிபந்தனை போடும் அளவுக்கு ஒரு ரசிகர் சங்கம் திரள அது போதவில்லை.

கொங்கு நாட்டுக்கோ மதுரைச் சீமைக்கோ அடுத்த முறை யாராவது பணத்தோடு வந்தால், அவர் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தாலும் சென்னையிலிருந்து வந்தாலும், ஒப்பந்தத்தில் சில வரிகள் எழுதப்பட வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஒரு பருவத்துச் சம்பளம் முழுவதும் முன்கூட்டியே வங்கியில் வைப்பாக இருக்க வேண்டும். முதலாளி நடுவில் போனாலும் ஆடியவனுக்குக் கூலி கிடைக்கும். அகாடமி நிலத்தின் குத்தகை முதலீட்டாளர் பெயரில் இல்லாமல் கிளப் பெயரில் அல்லது மாவட்டக் கால்பந்துச் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். பங்கை விற்பதென்றால் ஒரு முழுப் பருவம் முன்னால் அறிவிக்க வேண்டும். ஊரையும் பெயரையும் மாற்றுவதற்குச் சந்தா கட்டிய ரசிகர்களின் ஒப்புதல் வேண்டும். அதற்கு முதலில் ரசிகர்கள் சந்தா கட்ட வேண்டும். இலவசமாக உட்கார்ந்து கத்துகிறவனுக்கு விசில் உண்டு, ஓட்டு கிடையாது.

இவ்வளவு நிபந்தனை போட்டால் யார் வருவார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சிலர் வர மாட்டார்கள். பாசலிடம் அன்று இந்த நிபந்தனைகளை வைத்திருந்தால் அது கையெழுத்துப் போடாமல் போயிருக்கலாம். போயிருந்தாலும் 2019-இல் மான்சியும் போராவும் அந்தக் கோல்களைப் போட்டிருப்பார்கள். அந்த அணி பாசல் வருவதற்கு முன்பே கட்டப்பட்டது. கையெழுத்துப் போட்டிருந்தால், பொள்ளாச்சி ரோட்டிலோ பல்லடம் ரோட்டிலோ இன்றைக்கு ஒரு புல்தரையாவது மிச்சமிருந்திருக்கும். திண்டுக்கல்லிலிருந்து பதினாறு வயதுப் பையன் ஒருவனை டிரையலுக்குக் கூட்டிக்கொண்டு போக ஓர் இடம். இப்போது அவனை பெங்களூருக்கோ கோழிக்கோட்டுக்கோ ரயில் ஏற்றிவிடுகிறோம்.